தூங்கச் சொன்னால் தூங்காதவர்கள்

ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும். சிவகாசியில் டிடிபி வேலை பார்க்கிறவருக்கு அதற்கு முந்தைய வாரங்களில் ராத்திரி, பகல் கிடையாது. டிசைனை முடித்து, லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு அச்சகத்துக்குப் போய்த் திறக்கிறார். இஸ்திரிப் பெட்டியாகக் கொதிக்கிறது. ஃபேன் இரைகிறது. பேட்டரி காலி. மூடியதுமே தூங்கியிருக்க வேண்டிய மெஷின் அது.

உள்ளே ஏதோ ஒரு டிரைவர், அதாவது ஒரு சாதனத்தை ஓட்டும் மென்பொருள், சம்மதிக்கவில்லை. அந்த லேப்டாப்பில் ஓடும் லினக்ஸ் தூங்கப் போகும்போது ஒவ்வொரு டிரைவரையும் கூப்பிட்டு, உன் சாதனத்தை அடக்கு என்கிறது. ஒரே ஒரு டிரைவர் முடியாது என்றால் போதும், படுக்கப்போன எல்லோரும் எழுந்து உட்கார வேண்டும். "சரிங்க" என்று சொல்லிவிட்டு எதுவும் செய்யாத டிரைவர் இவனைவிடக் கெட்டிக்காரன். மெஷினை எழுப்பிய பிறகுதான் வைஃபை செத்துக் கிடப்பது தெரியும்.

இதற்கு விதி இல்லையா என்றால், உண்டு. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-லேயே ஏசிபிஐ என்று எழுதி வைத்தன. கட்டாயமாக்கலாமே என்றால்தான் அழுகை ஆரம்பிக்கிறது. "சின்ன கம்பெனி தாங்காதுங்க." "முதல்ல ஓடட்டும், மத்ததை அப்புறம் சேர்த்துக்கலாம்." "ரொம்ப நெருக்கினா தொழிலே படுத்துடும்."

விருதுநகர் மாவட்டத்துக்காரனுக்கு இந்த வசனம் மனப்பாடம். பட்டாசு ஆலைக்கும் விதி உண்டு. ஒரு அறையில் இத்தனை பேர்தான், இத்தனை கிலோ மருந்துதான், மரத்தடியில் வைத்து வேலை பார்க்கக் கூடாது, உள்குத்தகைக்கு விடக் கூடாது. அத்தனையும் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது, ஃபைல் தீப்பிடிக்காத இடத்தில் இருக்கிறது.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. விதிமீறலுக்காக உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஆலை அது. 'நிறுத்து' என்ற உத்தரவு மேலிருந்து முறைப்படி வந்துவிட்டது. கீழே எதுவும் நிற்கவில்லை. ஆள் வந்தது, மருந்து வந்தது, வேலை நடந்தது. ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் செத்தார்கள், காப்பாற்ற ஓடி வந்த ஊர்க்காரர்களும் அதில் அடக்கம். அதே ஆண்டுதான் சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு, எங்களுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல். ஊர் முழுவதையும் அணைத்துப் போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு ஆலையை அணைக்கத் தெரியவில்லை.

2021 பிப்ரவரியில் அச்சங்குளம் ஆலையில் வெடிவிபத்து. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகுதான், ஒரு உரிமத்துக்குள் பல பேர் உள்குத்தகைக்கு வேலை நடத்தியது 'தெரியவந்தது'. அந்தத் தெருவில் டீ விற்கிறவருக்குக்கூட முன்பே தெரிந்த விஷயம், விசாரணைக் குழு போட்டால்தான் அதிகாரத்துக்குத் தெரியவருகிறது.

லேப்டாப் சூடானால் பேட்டரி போகும், இங்கே ஆள் போகும். நஷ்டம் ஒன்றல்ல, அயோக்கியத்தனம் ஒன்றுதான். அடங்கு என்ற உத்தரவுக்குத் தலையாட்டிவிட்டு ஓடிக்கொண்டே இருப்பது, அந்தத் தலையாட்டலை வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுப்பது.

ஆகவே கட்டாயமாக்குங்கள். லேப்டாப் பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டினால் போதாது. நூறு முறை தூங்க வைத்து, நூறு முறை எழுப்பிப் பார்த்துவிட்டுச் சான்று கொடுங்கள். கம்பெனியே மூடிப்போன பழைய கருவி என்றால் விட்டுவிடலாம், 'இது தூங்காது' என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கட்டும். ஆலைக்கும் அதே கணக்குதான். உரிமத்தை நிறுத்தினால் அன்று மாலையே மருந்து வெளியேற வேண்டும், கேட்டில் சீல் விழ வேண்டும், மறுநாள் காலை ஒரு அதிகாரி நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

போய்ப் பார்க்க நேரமில்லை என்று ஆபீஸிலிருந்தே கையெழுத்துப் போடுகிறவருக்கு, மேஜை நாற்காலியை அந்த மருந்துக் கலவை அறையிலேயே போட்டுக் கொடுங்கள். ஒரே வாரத்தில் எல்லா விதியும் கட்டாயமாகிவிடும்.