செக்ரட்டரிக்கு ஒரு மெயில்

எலே பேராண்டி, அந்த மெயிலை இன்னொரு மட்டம் வாசி. 'கூரை ஒழுகுற பிரச்சினையைத் தயவுசெய்து எக்ஸாசர்பேட் பண்ணுங்க'ன்னு சொசைட்டி செக்ரட்டரிக்கு எழுதியிருக்கே. மகாபேல கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம், கழுத்துல பட்டை வேற! நீ நெனச்சது எஸ்கலேட். பெரிய ஆளு காதுல போடுங்கன்னு. எழுதினதுக்கு அர்த்தம் என்ன தெரியுமா? 'இப்ப ஒழுகுதது பத்தல சாமி, இன்னும் தாராளமா ஒழுக விடுங்க.'

கெழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. தாராவித் தோல் கிடங்குல இழுத்த பீடிக்கெல்லாம் கணக்குத் தீக்க, போன தை மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தேன்லா? டிரங்குப் பெட்டியில டிஸ்சார்ஜ் கார்டு இருக்கு, எடு. வெத்தலைக்கறை பட்ட வரிக்கு மேல பாரு: 'அக்யூட் எக்ஸாசர்பேஷன் ஆஃப் சிஓபிடி'. "நுரையீரல் சீக்கு பழசுதான் தாத்தா, இப்ப திடீர்னு முத்திருச்சு"ன்னாரு டாக்டர். கவனிச்சியா? சீக்கு முன்னாடியே இருக்கணும். நல்லா இருக்கிறதை எக்ஸாசர்பேட் பண்ண முடியாதுடே. வலி, சண்டை, கடன், பஞ்சம்னு ஏற்கெனவே கெட்டுக் கெடக்கிறதை இன்னும் கெடுக்கிறதுக்குத்தான் அந்தச் சொல்லு.

மாதுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில வாங்கின அட்டை கிழிஞ்ச டிக்‌ஷனரியில அதோட பூர்வீகமும் இருக்கு. லத்தீன்ல 'அசெர்புஸ்'. பிஞ்சுக் காயைக் கடிச்சா நாக்கை இழுக்குமே, அந்தக் கடுப்பு. அதே அர்த்தத்துல வர்ற அக்ரவேட்டுக்குப் பாரம் ஏத்துறதுன்னு வேரு. நொண்டி மாட்டு வண்டியில இன்னும் ரெண்டு மூட்டை.

நான் கண்ணால பாத்த எக்ஸாசர்பேட் ஒண்ணு சொல்லுதேன், கேளு. 2005 ஜூலை 26 அன்னைக்கு நீ தொட்டில்ல கெடந்தே. சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை. கடலும் ஏத்தத்துல நின்னுச்சு. அதுக்கு நாம என்ன செய்ய? ஆனா மித்தி ஆத்தைக் குறுக்கி, சாக்கடை வாயில பிளாஸ்டிக் பையைத் திணிச்சு வச்சது மானத்துல இருந்தா வந்துச்சு? அதுதான் வெள்ளத்தை எக்ஸாசர்பேட் பண்ணினது. நம்ம குடிசைக்குள்ள உங்க ஆச்சி கட்டில்மேல நின்னுக்கிட்டு, மிதக்கிற அரிசிப் பானையை அகப்பையால இழுத்துப் பிடிச்சா. "இன்னும் ஏறுமோ?"ன்னு நான் கேட்டேன். அவ என்னைப் பாத்த பார்வையிலேயே தெரிஞ்சுபோச்சு, நான் கேட்டதும் எக்ஸாசர்பேட்தான்னு.

சரி, இப்ப பதறிப்போயி, 'நான் எக்ஸாஜரேட் பண்ணிட்டேன்'னு ரெண்டாவது மெயில் போட்டுராத. அது ஊதிப் பெருசாக்கிச் சொல்லுதது. ஒழுகலே பொய்யின்னு முடிச்சிருவாக.

அன்னா, மாடிப்படியில சத்தம் கேக்குதா? கொத்தனாரு உளியும் சுத்தியலுமா மொட்டை மாடிக்குப் போறாரு. நீ எழுதிக் கேட்டதை அப்படியே செஞ்சு குடுத்துருவாரு. பெரிய வாளியா ரெண்டு எடுத்து வை.