காற்றை இலவசமாகத் தரும் கம்பெனிக்கு

பெறுநர்: காற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் இயந்திரம் விற்கும் கம்பெனியின் மேலாளர் அவர்கள்
பொருள்: காற்றின் விலை குறித்து விளக்கம் கோருதல்
பார்வை: தங்கள் வழவழப்பான விளம்பர மடல், 'மூலப்பொருள் முற்றிலும் இலவசம்' என்னும் வரி

ஐயா,

2019 ஜூலையில் செம்பரம்பாக்கம் ஏரி வெடித்துக் கிடந்தபோது, ஜோலார்பேட்டையிலிருந்து நடைக்கு 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீரை ரயிலில் வரவழைத்துக் குடித்த ஊர் எங்களுடையது. அன்றும் தலைக்கு மேலே தண்ணீர் மிதந்துகொண்டுதான் இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியதை வைத்தாவது நாங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டாமா? நீங்கள் கண்டுபிடித்தீர்கள். அந்த அறிவுக்கு 70,000 ரூபாய் என்பது தள்ளுபடி விலைதான்.

'நாளுக்கு 20 லிட்டர்' என்கிறது மடல். கீழே எறும்பு எழுத்தில்: 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் நீராவி இருக்கும். 10 டிகிரிக்குக் குளிரவைத்தால் 15 கிராம் கைக்கு வரும். அதாவது ஒரு லிட்டருக்கு, பத்துக்குப் பத்து அறைகள் இரண்டரையில் உள்ள காற்று மொத்தமும் தங்கள் பெட்டிக்குள் போய் வர வேண்டும். அறையைப் பூட்டினால் நீராவி தீர்ந்துவிடும். ஏசி போட்டாலோ, ஈரத்தை அது முந்திக்கொள்ளும். "ஜன்னலைத் திறந்தே வையுங்க சார்" என்றார் தங்கள் பிரதிநிதி. வைத்தோம். பெட்டி பின்பக்கமாகச் சூட்டையும், ஜன்னல் கொசுவையும் தாராளமாகத் தந்தன. கொசுவுக்குத் தனி மாடல் உண்டா?

இனி கணக்கு. நல்ல ஈரக்காற்றிலும் லிட்டருக்குச் சுமார் அரை யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் மின்சாரத்துக்கே 4 ரூபாய். நாளுக்குப் பத்து லிட்டர் எடுத்து, பெட்டி ஏழு வருடம் உழைத்தால் (வாழ்த்துகள்) அதன் விலையில் லிட்டருக்கு 2 ரூபாய் 70 காசு ஏறும். தூசி ஃபில்டர், கார்பன் ஃபில்டர், புற ஊதா விளக்கு, அப்புறம் தூய நீரில் தாது இல்லை என்பதால் தாது சேர்க்கும் கார்ட்ரிட்ஜ். வருடத்துக்கு 4,000 என்று குறைத்தே போடுகிறேன். ஆக, லிட்டர் 8 ரூபாய்க்குப் பக்கம். தெருமுனை அண்ணாச்சி 40 ரூபாய்க்கு 20 லிட்டர் கேனை மூன்றாவது மாடிவரை தோளில் தூக்கி வந்து தருகிறார். லிட்டர் 2 ரூபாய், மூச்சிரைப்பு உட்பட.

இதில் இரண்டு மாத பில்லில் ஏறும் 300 யூனிட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது வீட்டுக் கணக்கை 500-க்கு மேல் தள்ளிவிட்டால், கீழ் யூனிட்டுகளின் சலுகை விலையும் போய்விடும். தண்ணீர் குடித்ததற்கு ஃபிரிட்ஜும் மிக்ஸியும் அபராதம் கட்டும்.

அந்த யூனிட் எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் அழகு. குளிர்கோபுரம் வைத்த பழைய அனல்மின் நிலையங்கள் யூனிட்டுக்கு 3.5 லிட்டர் வரை தண்ணீர் செலவழிக்கலாம் என்பது 2015-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதித்த வரம்பு. மேட்டூர் அனல்மின் நிலையம் குடிப்பது காவிரியை. அங்கே வரம்புவரை போனால், ஒன்றே முக்கால் லிட்டர் காவிரியைச் செலவழித்து ஒரு லிட்டர் காற்றுநீர் எடுப்போம். ரயிலில்கூட இவ்வளவு சிந்தியிருக்காது. நெம்மேலி ஆலையைப் பற்றிப் பேசவே பயமாக இருக்கிறது: கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 4 யூனிட் போதும். அதே 4 யூனிட்டில் தாங்கள் தருவது அரைக் குடம்.

எங்கள் வீட்டு ஏசி பால்கனியில் நீட்டிய குழாய் வழியாகப் பழைய பெயிண்ட் வாளியில் இதே வித்தையை இரவெல்லாம் செய்கிறது. விடிவதற்குள் வாளி பாதி நிறைந்துவிடும். அது துளசிக்கும் மாப்புத் துணிக்கும் போகிறது. அதைக் குடிநீர் என்று பெயர்சூட்ட எங்களுக்குத் தோன்றவில்லை. வியாபார மூளை போதவில்லை.

வானமும் தங்களுக்குப் போட்டியாளர்தான். 600 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சுமார் 56 லிட்டர் விழுகிறது. குளிரவைக்கும் செலவு மேகத்துடையது. மழைநீர் சேகரிப்பு இங்கே 2003-இலேயே கட்டாயமாகிவிட்டது. குழியைத் தூர்வாரத்தான் ஆளில்லை. ஐப்பசியில் தங்கள் பெட்டி பிரமாதமாக ஓடும் என்றாரே பிரதிநிதி, ஓடாதா பின்னே?

ஆகவே, அடுத்த மடலில் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்பதை, 'இலவசம்' என்ற சொல் அச்சான அதே பெரிய எழுத்தில் போடும்படிப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாவிட்டால் அட்டையில் உள்ள அருவிப் படத்தைச் சிறிதாக்கலாம். அது தங்கள் இயந்திரத்திலிருந்து விழுவதல்லவே.

இப்படிக்கு,
கேன் தண்ணீர் வாடிக்கையாளர்,
திருவான்மியூர்