ஊருக்குள் சேராத ஊர்

எங்கள் நாட்டுக் குடிசனக் கணக்கெடுப்பின் சாமர்த்தியமே தனி. மற்ற நாடுகளில் மனிதன் நகரத்தில் இருப்பான், இல்லையென்றால் கிராமத்தில் இருப்பான். இலங்கையில் அவனுக்கு மூன்றாவதாக ஓர் இடம் உண்டு: தோட்டம். இருபது ஏக்கருக்குக் குறையாத பயிர்நிலமும் அதிலேயே குடியிருக்கும் பத்துத் தொழிலாளரும் இருந்தால் போதும், அது ஊர்க் கணக்கில் வராது. 2012 கணக்கில் நகரம் 18.2 வீதம், கிராமம் 77.4 வீதம், மிச்சம் 4.4 வீதம் நாங்கள்.

எங்கள் மலைகளுக்கு நடுவே உள்ள நுவரெலியாவோ நகரம். சும்மாவா? 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் மாடு, ஆடு, வேட்டைநாய், கொல்லன் சகிதம் வந்திறங்கி அங்கே ஒரு குட்டி இங்கிலாந்தை நட்டார். 1876இல் துரைமார் குடித்துக் களிக்க ஹில் கிளப். 1885இல் நானுஓயா வரை ரயில். 1889இல் கோல்ஃப் மைதானம். இத்தனைக்கும் காசு எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. கொழுந்து பறித்தவளுக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பிரா, அதாவது வரிசை வீட்டில் ஓர் அறை. கோப்பி போய்த் தேயிலை வந்தது, வெள்ளைக்காரத் துரை போய் உள்ளூர்த் துரை வந்தார், தோட்டம் அரசுடைமையாகித் திரும்பவும் கம்பனி கைக்குப் போனது. காம்பிரா ஓரடி அகலவில்லை. அப்பா, அம்மா, கலியாணம் கட்டிய மகன், மருமகள், பேரப்பிள்ளை எல்லாரும் அதற்குள்ளேதான் வளர்ச்சி அடைகிறார்கள்.

ஊர்களைப் பராமரிக்க 1987இல் பிரதேச சபைச் சட்டம் வந்தது. வாக்குப் போடும் உரிமை தோட்டத்தானுக்கும் உண்டு, பாராட்ட வேண்டும். ஆனால் அவன் வாக்கில் வென்ற சபை, அவன் லயத்துப் பாதைக்கு ஒரு லோடு கல் கொட்டச் சட்டம் குறுக்கே நின்றது. அதைத் திருத்த 2018 வரை ஆயிற்று. அந்த 31 வருடமும் தேர்தல் ஜீப் மட்டும் அதே பாதையில் எப்படியோ ஏறி வந்தது!

நுவரெலியாவில் 1894இல் கட்டிய செங்கல் தபால் நிலையம் ஒன்று இருக்கிறது. அதை ஹோட்டலாக்கப் பார்த்தபோது தபால் ஊழியர்கள் 2023இல் வேலைநிறுத்தமே செய்தார்கள். நல்ல காரியம். வருகிறவரெல்லாம் அதன் முன்னே நின்று படம் பிடிக்கிறார்கள். சுற்றியுள்ள மலைகளிலோ லயத்துக் கதவுக்கு இலக்கம் இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கே யாருக்காவது மனம் வந்தால் வீட்டுக்கு வரும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகளைக் கேளுங்கள். 1948இல் எங்கள் குடியுரிமையையே பறித்த நாடு, வீட்டிலக்கம் தரவா அவசரப்படும்?

கணக்கெடுப்பு ஐயாமாரே, அடுத்த முறை மலையேறும்போது எங்கள் கதவுக்கு ஓர் இலக்கத்தைப் போட்டுவிட்டு, அதன்பிறகு எங்கள் தலையை எண்ணுங்கள்.