கணவர் பொறுக்கும் கற்கள்

கேள்வி: என் கணவர் ஞாயிறுதோறும் ஆற்றங்கரைக்குப் போய்க் கல் பொறுக்கி வருகிறார். 'அகேட், ஜாஸ்பர்' என்கிறார். பால்கனியில் துணி காயப்போட இடமில்லை. இப்போது அறுக்க மெஷின் வேறு வேண்டுமாம். இவற்றுக்கு ஏதாவது விலை உண்டா?
– ஒரு வாசகி, புனே

பதில்: அவரைக் கோபிக்காதீர்கள், குடியிருக்கும் இடம் அப்படி! சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பொங்கி உறைந்தபோது, உள்ளே வாயுக் குமிழ்கள் சிக்கிக்கொண்டன. அந்தப் பொந்துகளில் பிற்பாடு சிலிக்கா வரிவரியாகப் படிந்ததுதான் அகேட். ஓரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவினால் அகேட், மறித்தால் ஜாஸ்பராக இருக்கலாம். சமையலறைக் கத்தியால் கீறல் விழுந்தால் இரண்டுமே இல்லை. சத்தமில்லாமல் பூந்தொட்டியில் போட்டுவிடலாம்.

விலையா? பெரும்பாலும் ஆட்டோ கட்டணம்கூடத் தேறாது. ஆனால் மேலே உருளைக்கிழங்கு போலிருக்கும் கல், அறுத்தால்தான் அழகைக் காட்டும். ஆகவே மெஷின் ஆசையில் நியாயம் உண்டு. எஃகு ரம்பம் இதனிடம் தோற்றுவிடும். வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். தகட்டில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். குஜராத்தின் கம்பாத்தில் தலைமுறைகளாக அகேட் பட்டை தீட்டுகிறார்கள். அங்கே அந்தக் கல்தூசியைச் சுவாசித்தே சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்து மாண்டவர்கள் பலர். மெஷினுக்கு அனுமதி கொடுங்கள். ஆனால் முகக்கவசமும் தண்ணீர்க் குழாயும் இல்லாமல் சுவிட்சைத் தொட விடாதீர்கள்.