பித்தளைக் கார்களும் பெரியப்பாவும்

ஒரு காருக்கு மரியாதை வருவதற்கு எத்தனை வயது ஆகவேண்டும் என்பதற்கு இங்கிலாந்தில் திட்டமான கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். 1905 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் செய்த காராக இருக்கவேண்டும். ஒரு நாள் பிந்திப் பிறந்திருந்தாலும், நவம்பர் முதல் ஞாயிறு விடியற்காலையில் லண்டன் ஹைட் பார்க்கில் தொடங்கிப் பிறைற்றன் கடற்கரை வரை அறுபது மைல் போகும் அந்த ஓட்டத்தில் அதற்கு இடமில்லை. கார் உண்மையில் எந்த ஆண்டில் பிறந்தது என்று ஆராய்ந்து சொல்வதற்கு 1930இல் தொடங்கிய ஒரு சங்கமே இருக்கிறது. எங்கள் ஊரில் மனிதருக்கே பிறப்புச் சாட்சிப் பத்திரம் எடுப்பதற்கு விதானையார் வீட்டுக்கும் கச்சேரிக்கும் அலையவேண்டியிருந்தது.

ஓட்டம் குறொய்டன் வழியாகத்தான் போகிறது. குறொய்டனில் தமிழ்க் கடைகளுக்குக் குறைவில்லை. ஆகவே ஆண்டுக்கு ஒரு காலை, கறிவேப்பிலைப் பெட்டி இறங்கும் நேரத்தில், பித்தளை விளக்கு மினுங்க, குதிரையை அவிழ்த்துவிட்ட வண்டி மாதிரி ஒன்று கடை வாசலைத் தடதடத்துக் கடக்கும். அதற்குள் கண்ணாடியும் தோல் தொப்பியும் கம்பளிப் போர்வையுமாகக் கணவன் மனைவி இருந்து கை காட்டுவார்கள். அங்கே கடை வைத்திருக்கும் என் மச்சான் உள்ளே நின்றபடி வெங்காய மூட்டையோடு கை காட்டுவார்.

பெரியப்பா முதன்முதலில் இதைப் பார்த்தபோது, “என்ன தம்பி, இவங்களுக்கு வேறை கார் வாங்க வசதியில்லையோ?” என்று கேட்டார்.

வசதி இல்லாதவர்களா? அந்த வரிசையில் ஏலத்துக்குப் போனால் லட்சக்கணக்கான பவுண் கேட்கும் கார்களும் உண்டு. அதைச் சொன்னேன். பெரியப்பா குல்லாவை இழுத்துக் காதை மூடிக்கொண்டார். காது மூடினால் அந்தக் காலத்தில் அவருக்குத் தொழிலே நடக்காது.

யாழ்ப்பாணத்தில் பெரியப்பா ஹயர் ஓடியவர். 1952ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ40 சொமர்செற். ‘ஸ்ரீ’ எழுத்து வருவதற்கு முந்திய இலக்கத் தகடு. அதில் அவருக்குத் தனிப் பெருமை இருந்தது. காரில் வேறு பெருமைப்பட ஒன்றும் இருக்கவில்லை. கலியாண வீட்டுக்கு அந்தக் காரை யாரும் கேட்கமாட்டார்கள். பொம்பிளை மாப்பிளைக்கு டற்சன், ரொயோட்டா. சமையல் பாத்திரத்துக்கும் ஆச்சிமாருக்கும் பெரியப்பாவின் ஏ40. ஆச்சி ஒருவர் கோயில் வாசலில் இறங்கும்போது கதவின் கைபிடியும் கூடவே வந்துவிட்டதை ஊர் பல வருடம் சொல்லிச் சிரித்தது.

1990இல் சண்டை மறுபடி தொடங்கப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. டற்சன்காரர்கள் நாலு சில்லையும் கழற்றி, காரைக் கல்லில் ஏற்றி, ஓலையால் மூடினார்கள். பெரியப்பாவுக்கு அப்போதுதான் காலம் பிறந்தது. பழைய எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு. அதனால் மட்டமான எரிபொருளையும் முணுமுணுத்துக்கொண்டாவது எரித்துவிடும். அந்த நாளைய ஃபோட்சன் உழவு இயந்திரங்களே அப்படித்தான், பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் உழுதவை. சிக்கல் தொடக்கத்தில்தான். குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எஞ்சின் சூடேறின பிறகே பற்றும். ஆகவே மூடியில் ஊசித்துளை போட்ட சின்னப் போத்தல் ஒன்று வேண்டும், அதற்குள் தங்கத்தின் விலைக்கு வாங்கிய கொஞ்சப் பெற்றோல் வேண்டும். பொனற்றைத் திறந்து காபரேற்றருக்குள் பீச்சவேண்டும். பீச்சுகிற உத்தியோகம் எனக்கு. முன்பக்கம் ஹாண்டில் அடிக்கிற உத்தியோகம் பெரியப்பாவுக்கு.

“பெருவிரலை மற்ற விரலோட ஒரே பக்கம் வை. சுத்திப் பிடிச்சால் திருப்பி அடிக்கேக்கை கை முறியும்.” இது அவருடைய முதல் பாடம். ஹாண்டில் பிடிக்கிற உயரமே எனக்கு அப்போது இல்லை. ஆனாலும் தினமும் சொல்வார். கார் பிடித்துக்கொண்டால் வெண்புகை ஒன்று எழுந்து ஒழுங்கை முழுவதையும் மறைக்கும். புகைக்குள்ளிருந்து, “ஏறுங்கோ, ஏறுங்கோ, நிப்பாட்டினால் பிறகு எடுக்கேலாது” என்று குரல் வரும். ஆசுபத்திரிக்குப் போகிற நோயாளிகள் இருமிக்கொண்டு ஏறுவார்கள். நெஞ்சுச் சளியோடு போனவர்கள் அந்தக் காரில் போனதால் குணமானதாக நான் கேள்விப்படவில்லை.

இப்போது குறொய்டன் வீதியோரத்தில், மீசையை முறுக்கிவிட்ட ஒரு கனவான் தன் பேரனுக்கு அதே பெருவிரல் பாடத்தை நடத்துகிறார். சுற்றி நின்றவர்கள் வேதம் கேட்பதுபோலக் கேட்கிறார்கள். ஒருவர் படம் பிடிக்கிறார். 1912இல் கடிலாக் மின்சார ஸ்ராட்டரைக் கொண்டுவந்ததோடு இந்தக் கலை அழியத் தொடங்கியது என்று கனவான் வருத்தப்பட்டார். பெரியப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். “எங்கட ஊரில 1996 வரைக்கும் அழியேல்லை எண்டு சொல்லு” என்றார்.

சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்விக்கு ஒரு போரை முழுவதும் விளங்கப்படுத்த வேண்டிவரும். பின்னால் ஒரு பனார் கார் வந்துகொண்டிருந்தது.

அங்கே கூடுகிறவர்களில் பாதிப்பேர் கார் இல்லாதவர்கள். கையில் புத்தகம், கழுத்தில் கமரா. தூரத்தில் புள்ளியாகத் தெரியும்போதே பெயர் சொல்லிவிடவேண்டும் என்பது அவர்களுக்குள் ஒரு போட்டி. சரிந்து இறங்கும் பொனற், றேடியேற்றர் முகத்தில் இல்லாமல் பக்கத்தில் என்றால் றெனோ. பொனற்றே இல்லாமல், முன்பலகை சுருண்ட ஏடுபோல வளைந்து, ஸ்ரியறிங் சில்லுக்குப் பதில் படகுச் சுக்கான் மாதிரி ஒரு தடி இருந்தால் அமெரிக்க ஓல்ட்ஸ்மொபில். பின்சில்லுக்குச் சங்கிலி போகிறதா, தண்டு போகிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். பின் ஆசனத்துக்குப் பக்கக் கதவு கிடையாது, முதுகுப்புறத்தால் ஏறவேண்டும் என்றால் பழையது என்று முகம் மலரும். சத்தமே இல்லாமல் வெள்ளை ஆவியோடு வருவது நீராவிக் கார். அதைப் பார்த்ததும் ஒரு பெண்மணி கை தட்டினார். மின்சாரக் கார்கூட ஒன்று போனது. அது 1900க்கு முன்னரே வந்துவிட்ட சங்கதி என்பதை இந்தக் கூட்டத்தில் மட்டும் யாரும் அதிசயமாக நினைப்பதில்லை.

இந்த வித்தை எங்களுக்கும் தெரிந்ததுதான். மின்சாரம் இல்லாத இரவுகளில், ஜாம் போத்தல் விளக்கின் முன்னால் புத்தகத்தை விரித்துவைத்துவிட்டுக் காதை வெளியே விடுவோம். லான்ட்மாஸ்ரர், மொறிஸ் மைனர், ஏ40. சத்தத்திலேயே யாருடைய கார், யார் வீட்டுப் படலையில் நிற்கப்போகிறது என்றுவரை சொல்லிவிடலாம். வானத்தில் வருவதற்கும் அப்படியே. ஹெலி, அவ்ரோ, சியாமாச்செட்டி. சரியாகச் சொல்கிறவனுக்குப் பதக்கம் இல்லை. பங்கருக்குள் முதலில் போய் நல்ல மூலையைப் பிடிக்கலாம். இந்தக் கழுத்துக் கமராக்காரர்களைக் காணும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. பெயர் பிழையாகச் சொன்னால் இவர்களுக்குச் சக நண்பர் ஒருவர் சிரிப்பார், அவ்வளவுதான் நட்டம்.

ஓட்டத்தின் கதையே ஒரு பகிடிதான். 1865ஆம் ஆண்டுச் சட்டம், தானாக ஓடும் வண்டிக்கு அறுபது யார் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நடக்கவேண்டும் என்றது. வேகம் வெளியே மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2. கொடிக்கான கட்டாயம் 1878இலேயே நீங்கிவிட்டது. நடப்பது மட்டும் மிஞ்சியது. 1896இல் அதுவும் நீங்கி, 14 மைல் வேகம் வரை போகலாம் என்று புதுச் சட்டம் வந்தபோது, நவம்பர் 14ஆம் திகதி காலைச் சாப்பாட்டு மேசையில் வின்சில்சி பிரபு ஒரு சிவப்புக் கொடியைக் கிழித்து எறிந்தாராம். பதினெட்டு வருடமாகச் செத்துக் கிடந்த பாம்பை அடித்த அந்த வீரத்தை இன்றைக்கும் ஆண்டுதோறும் ஹைட் பார்க்கில் நடித்துக் காட்டுகிறார்கள். சட்டம் கொடுத்த 14 மைலையும் அதிகாரிகள் உடனே 12 ஆக்கினார்கள். அன்று மழையில் புறப்பட்டவை 33, பிறைற்றன் போய்ச் சேர்ந்தவை 17 என்பது கணக்கு. போய்ச் சேர்ந்ததில் ஒன்று ரயிலில் ஏறிப்போய், இறங்கியபின் சேறு பூசிக்கொண்டது என்று ஒரு கதையும் உலவுகிறது. எனக்கு இந்தப் பதினேழில் அந்தக் காரைத்தான் நன்றாகப் பிடிக்கும்.

1927இல் அதை நினைவுகூர்ந்து மறுபடி ஓடத் தொடங்கினார்கள். போர்க்காலத்தில் ஓடவில்லை. 1947இலும் ஓடவில்லை, பெற்றோல் பங்கீடு. புத்தகத்தில் இதை வாசித்துச் சொன்னதும் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“விசரங்கள். மண்ணெண்ணெயும் இல்லாமலோ போச்சு?”

சொல்லி வாய் மூடவில்லை, கடைக்கு முன்னால் ஒரு சின்ன இரண்டு ஆசனக் கார் விக்கி விக்கி நின்றது. டி டியோன் பூட்டோன். பிரெஞ்சுச் சாமான். ஓட்டி வந்தவர் இறங்கி, தொப்பியைக் கழற்றி, ஆகாயத்தைப் பார்த்தார். பழைய கார்க்காரர்கள் எல்லாத் தேசத்திலும் முதலில் ஆகாயத்தைத்தான் பார்க்கிறார்கள். பெரியப்பா குல்லாவை மேலே தூக்கினார். ஹாண்டில் சுற்றப்பட்டது. டப், டப், ஒரு பெருமூச்சு.

“நாலில மூண்டு செத்துப்போச்சு, தம்பி. ஒண்டுதான் அடிக்குது.”

“பெரியப்பா, அதுக்கு இருக்கிறதே ஒரு சிலிண்டர்தான்.”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “ஒண்டோ? அப்ப பிழையில்லை, முழுக்க நல்லாத்தான் அடிக்குது” என்றார். அதோடு நிற்கவில்லை. பிளக் நனைந்திருக்கும், கழற்றிச் சூடு காட்டச் சொல்லு என்றார். மொழிபெயர்ப்பதற்குள் அந்த மனிதரே பிளக்கைக் கழற்றத் தொடங்கிவிட்டார். நெருப்புக்குத்தான் ஆள் தேடினார். மச்சான் கடைக்குள் ஓடிப்போய்க் கற்பூரம் கொளுத்த வைத்திருந்த லைற்றரைக் கொண்டுவந்தார். இரண்டு கிழவர்களும் தலையோடு தலை முட்டக் குனிந்து பிளக்கைச் சூடாக்கினார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. தேவைப்படவும் இல்லை.

கார் பிடித்துக்கொண்டது. அந்த மனிதர் பெரியப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, நீங்களும் பழைய கார் வைத்திருந்தீர்களா என்று கேட்டார். ஏ40 என்றேன். “நல்ல கார்,” என்றார், பிறகு மிகுந்த அனுதாபத்தோடு, “ஆனால் அது புதுக் கார் அல்லவா.”

பெரியப்பாவின் காரை வாழ்நாளில் புதுக் கார் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். 2002இல் யாழ்ப்பாணத்துக்கு ஏ9 பாதை திறந்து புது வாகனங்கள் வந்து இறங்க, ஏ40ஐப் பழைய இரும்புக்காரர் நிறுத்து வாங்கிக்கொண்டு போனார். எஞ்சினுக்கும் வளைந்த தகட்டுக்கும் ஒரே விலை. அந்த மனிதர் சொன்னதை நான் மொழிபெயர்க்கக் கேட்டுப் பெரியப்பா அன்று முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

டி டியோன் புகையைக் கடை வாசலில் விட்டுவிட்டு நகர்ந்தது. மாலை நாலரைக்குள் பிறைற்றன் போய்ச் சேர்ந்தால் அதற்குப் பதக்கம். முதலில் போனவருக்குத் தனிப் பரிசு ஒன்றும் கிடையாது.

மச்சான் புகையைக் கையால் விலக்கிக்கொண்டு, “உதுக்கு யூலெஸ் கட்டவேணாமோ?” என்றார். 2023 ஆகஸ்டிலிருந்து லண்டன் முழுவதற்கும் அந்த மாசுக் கட்டணம். மச்சானின் 2009ஆம் ஆண்டு டீசல் வான் வாசலை விட்டு அசைந்தால் நாளொன்றுக்குப் பன்னிரண்டரைப் பவுண். நாற்பது வயது கடந்து, வரலாற்று வாகனம் என்று பதிந்துவிட்டால் கட்டணம் இல்லை, வீதி வரி இல்லை, வருடாந்தப் பரிசோதனையும் கட்டாயமில்லை என்று விளங்கப்படுத்தினேன்.

மச்சான் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். “அப்ப என்ர வானுக்கு 2050இல விடுதலை. விக்காமல் வைச்சிருப்பம்.”

“வைச்சிருக்கலாம் மச்சான். ஆனால் அதில வியாபாரம் செய்யக்கூடாது. சாமான் ஏத்தினால் சலுகை இல்லை.”

“அப்ப வெங்காயத்தை எதில ஏத்திறது?”

“என்ர ஏ40 நிண்டிருந்தால் ஏத்தியிருக்கலாம்” என்றார் பெரியப்பா, குல்லாவை மறுபடி காதுக்கு மேல் இழுத்தபடி.