14 சென்டிமீட்டருக்குக் குறையாமல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி டோர்ட்மண்டில் சௌக்கியம். சளி இல்லை, கடன் கொஞ்சம் உண்டு, தலைமுடி போன தடவை வீடியோவில் நீ பார்த்ததைவிடக் குறைவு. "அங்க வாழப்பழமாவது கெடைக்குதாடா?" என்று கேட்டிருந்தாய். படவேட்டுக்காரி வேறென்ன கேட்பாய்!

கிடைக்கிறது. ஜெர்மன்காரர்களுக்கு வாழைப்பழத்தின் மேல் இருக்கும் ஆசையைக் கேட்டிருந்தால் தாத்தா வாழைத் தோப்பையே இவர்கள் பேருக்கு எழுதி வைத்திருப்பார். 1957-ல் ஆறு நாடுகள் ரோமில் கூடி ஐரோப்பியப் பொதுச் சந்தைக்குக் கையெழுத்துப் போட்டன. அப்போது மேற்கு ஜெர்மனியின் சான்சலராக இருந்த அடினாவர், தன் நாட்டுக்கு வரும் வாழைப்பழத்துக்கு வரி கூடாது என்று ஒப்பந்தத்தோடு தனி இணைப்பு ஒன்றை வாங்கிக்கொண்டுதான் விட்டார். கல்யாணப் பேச்சு எல்லாம் முடிந்து வெற்றிலை மாற்றும் நேரத்தில், "மாப்பிள்ளைக்கு ஒரு புல்லட்டு" என்று மூலையிலிருந்து ஒரு பெரியப்பா எழுந்திருப்பாரே, அந்த மாதிரி.

கிழக்கு ஜெர்மனியில் கதை வேறு. அங்கே பழம் எப்போதாவதுதான் வரும். வந்தால் கடை வாசலில் வரிசை. 1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தபோது 'டைட்டானிக்' என்ற நையாண்டிப் பத்திரிகை ஓர் அட்டைப்படம் போட்டது. கிழக்கத்திப் பெண் ஒருத்தி தன் முதல் வாழைப்பழத்தைப் பூரிப்போடு தூக்கிக் காட்டுகிறாள். கையில் இருப்பது, வாழைப்பழம் மாதிரியே தோலை நாலு பக்கமும் உரித்துவிட்ட வெள்ளரிக்காய்! அதைப் பார்த்து உன் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். கிழக்கிலிருந்து வந்த சக ஊழியர் சிரிக்கவில்லை.

ஆசை இருக்கும் இடத்தில் சட்டமும் இருக்கும். 1994-ல் ஐரோப்பிய ஒன்றியம் 2257-ஆம் எண் விதியைப் போட்டது. பச்சைக்காயாக வந்து இறங்கும் வாழை 14 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, 27 மில்லிமீட்டர் பருமனாவது வேண்டும், அளவுக்கு மீறி வளைந்திருக்கக் கூடாது. நம் ஏலக்கியை அளக்கப் போனால் ஸ்கேலே கூச்சப்படும். இங்கே கடையில் இருப்பது ஒரே ஜாதி, கேவண்டிஷ். அதற்கு முன்னால் உலகத்துக்கே ஏற்றுமதியானது குரோ மிஷல் என்ற ரகம். பனாமா வாடல் நோய் அதன் தோட்டங்களை வாரிக்கொண்டு போனதால்தான் கேவண்டிஷ் அந்த இடத்துக்கு வந்தது. பஜ்ஜிக்கு மொந்தன், தாம்பூலத் தட்டுக்குப் பூவன், விருந்தாளிக்கு ரஸ்தாளி என்று வளர்ந்த நாக்கு, ஈக்வடாரிலிருந்து கப்பலேறி வந்த இந்த மஞ்சள் பழத்தைத் தின்றுவிட்டு, "சரி, அப்புறம்?" என்று கேட்கிறது.

பழுக்கவைக்கும் விதத்தைச் சொன்னால் நீ சிரிப்பாய். 13, 14 டிகிரி குளிரில் காய் தூங்கிக்கொண்டே கடல் தாண்டுகிறது. இங்கே வந்ததும் மூடிய அறையில் அடுக்கி எத்திலீன் வாயுவை விடுகிறார்கள். கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆயாவுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது, நாம்தான் இருந்தோம். ஆடி பிறந்தால் தோப்பு ஓரத்தில் குழி வெட்டி, சருகு பரப்பி, தாரைக் குப்புற அடுக்கி, மேலே சேறு மெழுகுவாள். ஒரு பக்கம் ஓட்டைப் பானையில் வறட்டியும் தேங்காய் நாரும் கனியும். கன்னம் உப்ப ஊதுவது உன் வேலை, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "போதுமா ஆயா?" என்று நூறு தரம் கேட்பது உன் தம்பி வேலை. அந்தப் புகையிலும் எத்திலீன்தான் இருந்தது. குழியைப் பிரிக்கும்போது வரும் வாசனைக்கு முன்னால் இவர்களுடைய அறை பிச்சை வாங்க வேண்டும். இங்கே உன் தம்பி மூட்டம் போட வழியில்லை. படுக்கையறைக் கூரையில் புகைமானி இருக்க வேண்டும் என்பது சட்டம். மிளகாய் தாளித்தாலே தெரு முழுக்கக் கேட்கக் கத்தும். அதனால் காயைக் காகிதப் பையில் போட்டு, கூடவே ஓர் ஆப்பிளை வைக்கிறான். ஆப்பிளும் எத்திலீன் விடும். இந்த வீட்டில் ஆப்பிள்தான் ஆயா.

ஆயா குழியில் பழுத்த பழமெல்லாம் யாருக்கு? ஆடி வெள்ளிக்கு நம்மூர் அம்மன் ரேணுகாம்பாளைக் கும்பிட வேலூர், ஆரணி, போளூர் என்று பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் சித்தி, பெரியம்மா, அவர்களுடைய நாத்தனார் வகையறாவுக்கு. திண்ணையில் படுத்தவர்கள் யார் யார் என்று காலையில்தான் தெரியும். அம்மை இறங்கி நீ பிழைத்த வருஷம் வேண்டுதலுக்கு உனக்கு வேப்பிலை கட்டினார்கள், ஞாபகம் இருக்கிறதா? தழையோடு வந்த கட்டெறும்பு கடித்து நீ குதித்ததை, "ஆத்தா வந்துட்டா!" என்று பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் கமண்டல நாக நதி மணலில் எல்லோரும் பானை செய்தோம். ரேணுகாதேவி கற்பின் வலிமையால் வெறும் மணலில் தினம் ஒரு பானை வனைந்தாள் என்று ஆயா சொல்லியிருந்தாள். உன் பானை கொஞ்ச நேரம் நின்றது. உன் தம்பியுடையது உடனே சரிந்தது. எட்டு வயதில் கற்புச் சோதனையில் தோற்றவன் ஜில்லாவிலேயே அவன் ஒருவன்தான்.

இங்கேயும் அம்மன் இருக்கிறாள். பக்கத்தில் ஹாம் நகரத்துத் தொழிற்பேட்டையில் காமாட்சி அம்பாள். ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் கட்டி, 2002-ல் குடமுழுக்கு செய்த கோயில். கோபுரம் 17 மீட்டர். கோடைத் திருவிழாவில் தேர் ஓடும், காவடி ஆடும், தார் ரோட்டில் தேங்காய் சிதறும், ஆயிரக்கணக்கில் கூட்டம். தீர்த்தவாரிக்கு அம்மன் போவது சரக்குப் படகுகள் ஓடும் டாட்டெல்ன்-ஹாம் கால்வாய்க்கு. கடலைக் கடையில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, "தம்பி எவடம்?" என்றார். படவேடு என்றான். "அது எங்க கிடக்கு?" சம்புவராயர்களுக்குத் தலைநகரமாக இருந்த ஊர், வில் இல்லாத ராமரின் எதிரில் அனுமார் உட்கார்ந்து ஏடு படிக்கும் ஊர் என்று உன் தம்பி ஜவ்வாது மலை வரைக்கும் அளந்தான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்க கதலி கிடைக்குமோ?" என்றார்.

உன் மருமகளுக்கு வாழைப்பழம் என்றால் ஸ்டிக்கர். பழத்தை வைத்துவிட்டு ஸ்டிக்கரை உரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டுகிறாள். படவேட்டுப் பழத்தில் என்ன படம் ஒட்டியிருக்கும் என்று கேட்கிறாள். ஆடிக்கு டிக்கெட் போட்டாயிற்று. ஆயா இல்லை, குழியை நீதான் வெட்ட வேண்டும். ஊதும் வேலையை மருமகளிடம் கொடுத்துவிடு. புகையைப் பார்த்ததும் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பாள். அங்கே எதுவும் கத்தாது என்று உன் தம்பி முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறான், ஆனால் அவள் நம்பவில்லை.

இப்படிக்கு,
உன் தம்பி