“நன்று, சேர்த்துக்கொள்ளலாம்”

பிறர் எழுதிய நிரலில் குறை காண்பது எனக்குப் பிடித்த வேலை. சொந்தமாக ஒரு வரி எழுத வேண்டாம்; “இங்கே இடைவெளி ஒன்று அதிகம்” என்று குறித்தாலே பெரிய மனுஷனாகிவிடலாம். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்து அப்படித்தான் ஒரு பேட்சை, அதாவது நிரல் திருத்தத்தை, சரிபார்த்தேன். தமிழும் மலையாளமும் கலந்த நூல்பட்டியலுக்கான தேடல், தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். எழுதியவள் குமுளிப் பக்கத்துத் தங்கை ஒருத்தி.

போஸ்ட்கிரெஸின் தேடல் அகராதி பொருள் சொல்லாது. ‘நூலகத்தில்’, ‘நூலகத்தை’ இரண்டையும் ஒரே வடிவாக்கி அட்டவணையில் ஏற்றுவதே அதன் வேலை. தமிழுக்கு இதைச் செய்யும் ஸ்னோபால், 2019-இல் வெளியான 12-ஆம் பதிப்பில் சேர்ந்தது. அரபி, நேபாளி, ஐரிஷ், லிதுவேனியன், இந்தோனேசியனும் கூடவே வந்தன; மலையாளம் வரவில்லை. அதற்கு விகுதி எதையும் வெட்டாத ‘சிம்பிள்’ அகராதிதான்.

முதல் சறுக்கல், வரிசையில். பல அகராதிகளை அடுத்தடுத்து நிறுத்தினால், “தெரியும்” என்று முதலில் சொல்லும் அகராதியோடு வேலை முடிந்துவிடும். ஸ்னோபாலுக்குத் தெரியாத சொல்லே கிடையாது. பந்தியில் முதல் இலைக்கு வந்த மாமா மாதிரி, வருவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அதனால் அதைக் கடைசியில் வைக்கச் சொல்கிறது கையேடு. பேட்சிலோ ஒத்தசொல் அகராதி அதற்குப் பின்னால் நின்றது. ‘பால்காட்’ என்று தேடினால் ‘பாலக்காடு’ கிடைக்க வழிசெய்யும் வரி அதில்தான். அதற்கு முறையே வராது. என் கண்ணில் பட்டது குறிப்புரையில் ஓர் எழுத்துப்பிழை மட்டும்.

வரிசை திருந்திய பிறகு, ஒத்தசொல் கோப்பில் நானே ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன். விடையில் மாற்றமில்லை. “உன் பேட்ச் வேலை செய்யவில்லை” என்று நீளமாகக் கடிதம் எழுதினேன். “அண்ணா, புது செஷன் திறந்து பாத்தீங்களா?” என்று ஒரே வரியில் பதில் வந்தது. கோப்பை ஒரு செஷன் ஒரு தடவைதான் படிக்கும். திறந்திருக்கும் செஷனில் மாற்றம் தெரிய, அகராதிக்கு ‘ஆல்டர்’ கட்டளை தர வேண்டும். இதுவும் கையேட்டில் இருக்கிறது. கையேட்டைப் படியுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் நான்.

கடைசிச் சறுக்கல்தான் வெட்கக்கேடு. சோதனைச் சொற்கள் மரம், பூனை, புத்தகம். எல்லாம் தேறின, “நன்று, சேர்த்துக்கொள்ளலாம்” என்று கையெழுத்துப் போட்டேன். ஆனால் பாலக்காடு ‘இல்’ ஏற்றால் பாலக்காட்டில்; மூணாறு, மூணாற்றில். விகுதியை மட்டும் வெட்டினால் மிஞ்சுவது ஊர்ப்பெயர் ஆகாது. எந்த மாவட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேனோ அதன் பெயரையே சோதிக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

பேட்ச் பார்க்கும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இடைவெளிகளை எண்ணுமுன், உங்கள் ஊர்ப்பெயரை எல்லா வேற்றுமையிலும் தேடிப் பாருங்கள். ஊர் கிடைத்த பிறகு கையெழுத்துப் போடலாம்.